தேறும் கறி

அவலூர்பேட்டைச் சந்தையில் நான் பார்த்த காலத்தில் மாட்டை நிறுக்கிற தராசு கிடையாது. கண்ணும் கையும்தான் தராசு. எழுபதுகளின் கடைசியில், பத்து வயதுப் பையனாக, பெரியப்பாவின் பின்னால் அந்தச் சந்தைக்கு நடந்து போயிருக்கிறேன். விடிவதற்கு முன் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். உழவு மாடுகளும் வண்டி மாடுகளும் கறவைகளும் ஒரு பக்கம் நிற்கும். அங்கே பல் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். சந்தையின் ஓரத்தில் இன்னொரு கூட்டம் நிற்கும். இடுப்பு முள் துருத்தியபடி, கழுத்தில் நுகத்தடிக் காய்ப்போடு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு யாரும் சுழி பார்ப்பதில்லை. பெரியப்பா அங்கேதான் போவார்.

வால் முளைக்கிற இடத்தின் இரண்டு பக்கக் குழியிலும் கட்டைவிரலை அழுத்துவார். கடைசி விலா எலும்புகளின்மேல் உள்ளங்கையை வைத்துத் தோலை முன்னும் பின்னும் நகர்த்துவார். முன்னங்கால்களுக்கு நடுவே தொங்குகிற நெஞ்சுச் சதையை ஒரு பிடி பிடிப்பார். பிறகு, தரகர் பாயிடம் துண்டுக்கடியில் கையைக் கொடுப்பதற்கு முன்னால், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வார்: "எலும்பு போக அறுவது தேறும்டா." மறுநாள் அறுத்த பிறகு கடைத் தராசைக் கடன் வாங்கி நிறுத்தால் ஐம்பத்தெட்டோ அறுபத்திரண்டோ வரும். அவர் எழுபது என்று சொல்லி ஐம்பது வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அதே 1970களில் பிரிட்டனின் கால்நடை ஆய்வாளர்கள் மாட்டின் உடல்நிலையைத் தொட்டுப் பார்த்து எண் போடுகிற முறை ஒன்றை வகுத்தார்கள். வால் அடி, இடுப்பு முள், விலா என்று அவர்கள் கை வைக்கச் சொன்ன இடங்களும் பெரியப்பா கை வைத்த இடங்களும் ஒன்றுதான். அது பாடப்புத்தகத்தில் ஏறியது. இது 'கைப்பழக்கம்' என்ற பெயரோடு அவரோடு போயிற்று. அறிவும் அதிகாரமும் பற்றி ஃபூக்கோவை மேற்கோள் காட்டி நாம் நிறையப் பேசிவிட்டோம். எனக்கு அவருடைய கட்டைவிரல்தான் ஞாபகம் வருகிறது.

நம்முடைய மாட்டுக்கறிச் சொல்லாடல் முழுக்க உரிமையைப் பற்றியது. 2012இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் நடந்த விருந்து, 2017இல் சென்னை ஐஐடியில் நடந்த விருந்து, அவற்றையொட்டி விழுந்த அடிகள், எழுதப்பட்ட கட்டுரைகள் எதை எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான்: தின்னலாமா, கூடாதா? தின்னக் கிடைக்கிற கறி எப்படிப்பட்டது என்ற கேள்வியை யாரும் எழுப்பியதில்லை. நானும் எழுப்பியதில்லை. விருந்தில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கோஷத்துக்குப் போய்விட்டோம். 'மாட்டுக்கறி ரப்பர் மாதிரி இருக்கும்' என்று நண்பர் ஒருவர் ஒருமுறை சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் சொன்னதில் பொய் இல்லை என்று தெரிந்தது. ஏன் ரப்பர் மாதிரி இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் உடலின் கணக்கு. கேம்பிரிட்ஜில் இருந்த ஜான் ஹாமண்ட் கால்நடைகளின் வளர்ச்சியை அலை அலையாக விளக்கினார். முதலில் மூளையும் நரம்பும், அடுத்து எலும்பு, பிறகு தசை, கடைசியாகக் கொழுப்பு. கொழுப்புக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றி முதலில் சேரும், பிறகு தசைகளுக்கு நடுவிலும் தோலுக்கடியிலும், எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தசைக்குள்ளேயே வெள்ளை இழைகளாக ஓடும். உலகச் சந்தையில் விலை போகிறது அந்தக் கடைசி இழைதான். மாடு பட்டினி கிடந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். முதலில் கொழுப்பு போகும், பிறகு தசை கரையும், எலும்பு மட்டும் அப்படியே நிற்கும். அதனால்தான் எடை ஏறின மாட்டில் எலும்பின் பங்கு குறைவு, மெலிந்த மாட்டில் அதிகம். தீனி போட்டுக் கொழுக்க வைத்த மேற்கத்தியக் காளையை அறுத்தால் உயிர் எடையில் நூற்றுக்கு 60 பங்கு சடலமாகத் தேறும். நம்மூர்க் கிழட்டு எருதில் 40, 45 தேறினால் பெரிது. அதிலும் எலும்பு போக வேண்டும்.

இது எடையின் கதை. மெதுமை வேறு கதை. கொழுப்பு இருந்தால் கறி மெத்தென்று இருக்கும் என்பது பாதி உண்மை. கொழுப்பு சாறையும் மணத்தையும் கொடுக்கும், மெல்லும்போது வாயில் வழுவழுப்பைத் தரும். ஆனால் கறி கடினமாவதற்கு முக்கியக் காரணம் வயது. தசை நார்களைக் கட்டி வைத்திருக்கிற கொலாஜன் என்ற புரதம் வயதாக ஆக ஒன்றோடொன்று பின்னி இறுகிக்கொள்ளும். இளங்கன்றின் கொலாஜன் கொதித்தவுடன் கரைந்துவிடும். பன்னிரண்டு வருஷம் ஏர் இழுத்த தோளின் கொலாஜனைக் கரைக்க அரை நாள் அடுப்பெரிய வேண்டும். திமில் உள்ள நம் இனங்களுக்கு இன்னொரு குணமும் சேர்ந்திருக்கிறது. அறுத்த பிறகு தசையைத் தானாகவே மெதுவாக்குகிற நொதிகள் உண்டு. அவற்றைத் தடுக்கிற பொருள் இந்த இனங்களில் கூடுதல். குளிர் அறையில் ஒரு வாரம், இரண்டு வாரம் தொங்கவிட்டால் ஓரளவு சரியாகும். சேரிக்கு ஏது குளிர் அறை? விடியற்காலை அறுத்தது பத்து மணிக்குள் கூறாகிவிடும்.

ஆக வயது கூடுதல், கொழுப்பு குறைவு, எடை குறைவு. 'இந்திய மாடு அப்படித்தான்' என்று இனத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படி நகரவிடாமல் தடுக்கிறது பிரேசில். உலகத்திலேயே அதிகமாக மாட்டுக்கறி ஏற்றுமதி செய்கிற அந்த நாட்டு மந்தைகளில் பெரும்பாலானவை நெல்லோர் என்ற இனம் அல்லது அதன் கலப்பு. பெயரைக் கவனியுங்கள், நம்ம நெல்லூர்தான். பழைய சென்னை மாகாணத்தின் ஓங்கோல் மாடுகளை 19ஆம் நூற்றாண்டிலிருந்து 1960களின் தொடக்கம்வரை கப்பலேற்றிக் கொண்டுபோய்ப் பெருக்கினார்கள். அதே திமில், அதே வெள்ளைத் தோல். அங்கே மூன்று நான்கு வயதுக்குள், சதை பிடித்த நிலையில் அறுக்கிறார்கள். திமிலின் கறியைத் தனியாக எடுத்துச் சுட்டு, அதற்கொரு பெயர் வைத்து, அதிக விலைக்கு விற்கிறார்கள். இங்கே அதன் பங்காளி ஏர் இழுத்து, செக்கு இழுத்து, வண்டி இழுத்து, முட்டி தேய்ந்த பிறகு சந்தையின் ஓரத்துக்கு வருகிறது. மாடு ஒன்றுதான். இரண்டு கறியாக்கியது எது?

1958ஆம் வருஷத்துச் சட்டத்தைப் படித்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. தமிழ்நாட்டில் இன்றும் அமலில் இருக்கிற விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு மாட்டை அறுக்கத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். மாடு பத்து வயதைத் தாண்டியிருக்க வேண்டும், வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாததாக இருக்க வேண்டும். அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். நம் ஆட்கள் இந்தச் சட்டத்தை இதுவரை ஒரு தடையாகத்தான் படித்திருக்கிறார்கள். ஒரு சமையல் குறிப்பாகவும் அதைப் படிக்கலாம். கறி எந்த வயதில், எந்த உடல்நிலையில், எவ்வளவு கொழுப்போடு இருக்க வேண்டும் என்று அரசு எந்திரம் அதில் எழுதி வைத்திருக்கிறது. திடமாக, சதைப்பிடிப்பாக இருக்கிற எருது வேலைக்கு உதவும், அதனால் அதை அறுக்க முடியாது. அறுக்கலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போடுகிற மாடு, அந்தக் கையெழுத்தாலேயே நல்ல கறியாக இருக்கும் தகுதியை இழந்துவிடுகிறது. 1976 ஆகஸ்டில், திமுக ஆட்சி கலைக்கப்பட்டு ஜனாதிபதி ஆட்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஓர் அரசாணை வந்தது. இறைச்சிக்கூடங்களில் பசுவையும் கிடாரியையும் அறுக்கக் கூடாது என்றது. பசுவதைக்கு எதிராக வினோபா பாவே உண்ணாவிரதம் அறிவித்திருந்த வருஷம் அது. மீதியிருந்தது எருதும் எருமையும்தான்.

உச்ச நீதிமன்றமும் 1958இல் ஹனீஃப் குரேஷி வழக்கில் இதே கோட்டைத்தான் கிழித்தது. பசுவையும் கன்றையும் அறுக்க முழுத் தடை செல்லும். ஆனால் உழைக்கும் சக்தி போன எருதுக்கும் பால் வற்றிய எருமைக்கும் முழுத் தடை செல்லாது, ஏனென்றால் அது ஏழைகளுக்குக் கட்டுப்படியாகிற உணவு என்று தீர்ப்பு சொன்னது. அன்றைக்கு அது நமக்குச் சாதகமான தீர்ப்பு. ஆனால் அதன் தர்க்கத்தைப் பாருங்கள். உழைப்பு முழுக்க உறிஞ்சப்பட்ட பிறகு மீதியிருப்பது ஏழைக்கு. பண்ணையில் எஞ்சின சோறு சேரிக்குப் போவது போலத்தான் இதுவும். 2005இல் குஜராத் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒருவர் மட்டும் மாறுபட, அந்த மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. சாணமும் மூத்திரமும் தருகிறவரை எந்த மாடும் உதவாததல்ல, புரதத்துக்கு வேறு உணவுகள் இருக்கின்றன என்றது.

வெள்ளைக்காரன் இந்த மெலிந்த கறியை ஏற்றுக்கொள்ளவில்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராபர்ட் பேக்வெல் போன்றவர்கள் கால்நடையைச் சீக்கிரம் கொழுக்க வைப்பதையே ஒரு கலையாக்கியிருந்தார்கள். 1796இல் பிறந்த டர்ஹாம் எருதை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக் காசு வசூலித்தார்கள். அந்தக் கண்ணோடு சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்தவர்களுக்கு நம் மாடு எலும்புக்கூடாகத் தெரிந்ததில் வியப்பில்லை. எனவே கடலை போட்டு ஆட்டையும் மாட்டையும் தனியாகக் கொழுக்க வைத்தார்கள். ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி (1886) 'கடலை தின்றது' என்ற பொருளில் வழங்கிய ஆங்கிலச் சொல்லை விளக்கும்போது, செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன ஆளையும் அது குறிக்கும் என்கிறது.

நம் மொழியிலும் இதே தடம்தான். 'கொழுப்பு' என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது சதையா? "இன்னாடா, கொழுப்பா?" என்பதுதான். மேல்சட்டை போட்டவனுக்குக் கொழுப்பு, செருப்போடு தெருவில் நடந்தவனுக்குக் கொழுப்பு, கூலி கேட்டவனுக்குக் கொழுப்பு. "தின்னு கொழுத்துப் போச்சு." இந்த வசவு எப்போதும் மேலிருந்து கீழே வருகிறது என்பது தற்செயலானதல்ல. உழைக்கும் உடலில் சேர்கிற மிகையைத் திமிராக வாசிக்கிற கருத்தியல் அது. திமிர், திமில் என்கிற சொற்களின் ஒலி நெருக்கத்தை நான் பெரிதுபடுத்த மாட்டேன், சொல்லாராய்ச்சி எனக்குத் தெரியாது. ஆனால் சங்கப் பாடல்களில் நிணம் இழிவான சொல் அல்ல என்று தெரியும். விருந்தின் செழிப்பைச் சொல்லும் இடங்களில் அது கூச்சமில்லாமல் வருகிறது. அகநானூற்றில் மழவர்கள் தின்ற பசு கொழுத்த பசுவாகவே சொல்லப்படுகிறது. கிழடு அல்ல, செத்தது அல்ல. கொழுத்த மாட்டைத் தின்றவர்கள் இருந்த நிலத்தில் மெலிந்த மாடு மட்டும் எப்படி மிஞ்சியது என்பதை இலக்கிய வரலாறு எழுதியவர்கள் கேட்டுக்கொண்டதில்லை.

அம்பேத்கர் கேட்டார். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில் அவருடைய வாதம் வெறும் மாட்டுக்கறியைப் பற்றியதல்ல, செத்த மாட்டுக் கறியைப் பற்றியது. கொல்லத் தடை வந்த பிறகும் சிதறுண்ட மக்களுக்குச் செத்தது மட்டும் மிஞ்சியது, அதுவே தீட்டின் அடையாளமாயிற்று என்பது அவர் கருதுகோள். வரலாற்றாசிரியர்கள் இதோடு முழுக்க ஒத்துப்போகவில்லை, அது வேறு விவாதம். நான் சொல்ல வருவது கறியைப் பற்றி. ஆரோக்கியமான, ஓய்வெடுத்த மாட்டின் தசையில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து இருக்கும். அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறும். தசையின் அமிலக் குறியீடு 7லிருந்து ஒரு நாளுக்குள் 5.5 அளவுக்கு இறங்கும், அதனால் கறி சிவந்து நிற்கும், கிருமி சீக்கிரம் பெருகாது. நோயில் கிடந்த மாட்டிலும், சக்திக்கு மீறி நடத்திவரப்பட்ட மாட்டிலும், லாரியில் நெருக்கி ஏற்றப்பட்ட மாட்டிலும் அந்தச் சத்து ஏற்கெனவே எரிந்து போயிருக்கும். குறியீடு 6க்கு மேலேயே நின்றுவிடும். கறி கறுத்து, விறைத்து, சீக்கிரம் கெட்டுப்போகும். செத்த மாட்டில் இரத்தமும் வடியாமல் உள்ளேயே நிற்கும். இப்போது உப்புக்கண்டத்தை நினைத்துப் பாருங்கள். உடனே கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் போட்டார்களே, அது ருசிக்காக மட்டும் அல்ல. அமிலம் இறங்காத கறியைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. கொழுப்பு இருந்தால் காயும்போது காறிப்போகும். மெலிந்த கறிதான் கண்டத்துக்கு உகந்தது. கொடுக்கப்பட்ட குறையிலிருந்தே ஒரு நுட்பத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

அம்மாவின் சமையலும் அப்படித்தான். பப்பாளிக் காயைச் சீவிப் போடுவாள். மண் சட்டியில் மூன்று மணி நேரம் நின்று எரியும். தொடைக்கறியைவிட முழங்கால் சதையும் வால் பகுதியும்தான் அவளுக்குப் பிடிக்கும், நார் அதிகம், கரைந்தால் குழம்பு பசை போலக் கெட்டிப்படும். குடலைச் சுற்றியிருக்கிற கொழுப்பு கிடைத்த நாளில் அதைத் தனியாக உருக்கி வைத்துக்கொண்டு, வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பில் விடுவாள். தசைக்குள் இல்லாத கொழுப்பை வெளியிலிருந்து ஊட்டுகிற வேலை.

கூறு போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1920களிலிருந்து அரசே சடலத்துக்குத் தரம் பிரித்து முத்திரை குத்துகிறது. வயதையும் தசைக்குள் ஓடுகிற கொழுப்பையும் பார்த்து உயர்தரம், அடுத்த தரம் என்று பிரிப்பார்கள். பிறகு ஒரே மாட்டின் இடுப்புச் சதைக்கு ஒரு விலை, கழுத்துக்கு ஒரு விலை. எங்கள் ஊரில் இருபது வீடு சேர்ந்து ஒரு எருது வாங்கினால் இருபது கூறு. ஒவ்வொரு கூறிலும் தொடை கொஞ்சம், கழுத்து கொஞ்சம், நெஞ்செலும்பு, ஈரல் ஒரு துண்டு, குடல் ஒரு முழம், கொழுப்பு ஒரு கட்டி. பிறகு ஆளுக்கொரு குச்சியைக் கொடுத்து, ஒரு சின்னப் பையனைத் திரும்பி நிற்கவைத்து, எந்தக் கூறு யாருக்கு என்று வைக்கச் சொல்வார்கள். அந்தப் பையனாக நான் இருந்திருக்கிறேன். இதைச் சமத்துவத்தின் உன்னத வடிவம் என்று யாரும் புகழ வேண்டாம். பெண்கள் கூறு போடும் இடத்துக்கு வரக்கூடாது. தாலி இழந்த என் அத்தைக்கு எப்போதும் கடைசிக் குச்சிதான். பறையடித்தவருக்கும் மாட்டை உரித்தவருக்கும் போகிற தனிப்பங்கு குறித்துச் சண்டை வராத வருஷம் கிடையாது.

கோட்டைக்கு வரலாறு உண்டு. ராஜாராம், எட்டு வருஷ முற்றுகை, சுல்பிகர் கான், ஃபிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன், ஹைதர் என்று செஞ்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் மராத்தியர் இராணுவ நிலப்பரப்பின் பகுதியாக யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அந்த முற்றுகைகளுக்குத் தானியமும் பீரங்கியும் இழுத்த எருதுகள் எதில் முடிந்தன, யார் தின்றார்கள், தோல் எங்கே போயிற்று என்று எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்லாது. தோலின் வரலாற்றுக்காவது 1876-78 பஞ்சத்தில் கொஞ்சம் தடம் கிடைக்கிறது. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது சென்னை மாகாணத்தின் தோல் ஏற்றுமதி எகிறியது. கறிக்கு ஆவணம் கிடையாது. தின்றவர்கள் கணக்கு எழுதவில்லை.

2017 மே 23ஆம் தேதி மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளை வெளியிட்டது. இறைச்சிக்காக விற்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் சந்தையில் மாட்டை நிறுத்தலாம் என்றது. ஒரு வாரத்துக்குள் மதுரைக் கிளை தடை விதித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. அவலூர்பேட்டைக்காரர்களுக்கு அந்த விதியில் புதிதாக ஒன்றுமில்லை என்றுதான் எனக்குப்பட்டது. மாட்டுக்காரர் எப்போதுமே "வளக்கத்தாம்பா குடுக்குறேன்" என்றுதான் சொல்வார். தரகரும் "வளக்கத்தாங்க" என்பார். வாங்குகிறவரும் தலையாட்டுவார். மூன்று பேருக்கும் தெரியும். வாய்மொழியாக நடந்துகொண்டிருந்த அந்த நாடகத்தை அரசு படிவமாக அச்சடித்தது. ஒரு வித்தியாசம் உண்டு. நாடகத்தில் பொய் சொன்னால் பாவம் மாட்டுக்காரருக்கு. படிவத்தில் பொய் சொன்னால் சிறை வாங்கினவருக்கு. அந்த நாடகத்தால்தான் 'அடிமாட்டு விலை' என்று நம் மொழியில் ஒரு தொடரே உண்டாயிற்று. நியாயமான பண்டமாக விற்க முடியாததற்கு நியாயமான விலையும் இல்லை. நல்ல தீனி போட்டு ஒரு எருதைக் கறிக்கென்று வளர்த்து, எடை வந்த நேரத்தில் விற்கலாம் என்று சின்ன விவசாயி ஒருவர் நினைத்தால், சட்டம் அவரைப் பத்து வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. ஏற்றுமதிக்காரருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. எருமைக் கறியில் கொழுப்பு குறைவு என்பதையே தகுதியாகச் சொல்லி, வெளிநாட்டில் கலப்பு இறைச்சிக்கென்று கப்பலேற்றி, உலகின் பெரிய ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக இந்தியாவை நிறுத்திவிட்டார்கள்.

போன வருஷம் சந்தைக்குப் போயிருந்தேன். ஓரம் அப்படியே இருந்தது, நின்றவை மாறியிருந்தன. டிராக்டர் வந்து ஏர் மாடு குறைந்துவிட்டது. ஆறேழு மாத ஜெர்சிக் கலப்புக் காளைக்கன்றுகள் வயிறு ஒட்டி நின்றன. பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, ஆண் கன்றுக்கு மடியை விடாமல் வளர்த்தவை. சட்டப்படி அவற்றுக்கு இன்னும் ஒன்பதரை வருஷம் பாக்கி. வாங்க வந்த பையன், இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு கன்றின் வாலடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். அதே இடம். அழுத்த அங்கே ஒன்றும் இல்லை, தோலுக்குக் கீழே எலும்பு. "இன்னா தேறும்?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தான், பேன்ட் சட்டை போட்டிருந்ததால் யாரோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"வளக்கத்தான் சார்" என்றான்.